சென்னை வியாசர்பாடி அட்டைப்பெட்டிப் பட்டறை: ஐந்து வருஷமாக வாங்குகிறவளின் ரிவ்யூ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பட்டறையின் பெயரைப் போடப் போவதில்லை. வாசலில் போர்டும் கிடையாது. எழுதட்டுமா என்று கேட்டதற்குப் பட்டறைக்கார அண்ணன், "எழுதுமா, பேரு மட்டும் வேணாம், இருக்கிற ஆர்டரையே ஓட்ட ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டார். பெயரில்லாமல் என்ன ரிவ்யூ என்று கேட்பீர்கள். சின்னதாகத் தொழில் செய்கிறவர்கள் குழுக்களில் வாரத்துக்கு ஒருவராவது "நம்பிக்கையான பெட்டி சப்ளையர் யாராவது தெரியுமா" என்று கேட்கிறார்கள், கீழே இருபது போன் நம்பர் வந்து விழுகிறது, அந்த இருபதில் யாரை நம்புவது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அதற்குத்தான் இது.

நானும் என் நாத்தனாரும் சென்னையிலேயே கொடுங்கையூரில் மசாலாப் பொடி அரைத்து விற்கிறோம். சாம்பார் பொடி, குழம்பு மிளகாய்த்தூள், மீன் வறுவல் மசாலா, கொஞ்சம் வடகம். 200 கிராம் பாக்கெட் 25 போட்டால் ஒரு பெட்டி, 5 கிலோ. மாதம் 500 பெட்டி, தீபாவளி பொங்கலுக்கு 800 வரை போகும். பெட்டி என்பது தூக்கிப் போடுகிற சமாசாரம்தானே என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். லாரி ஆபீஸில் எங்கள் பெட்டிமேல் யாரோ ஒருவரின் எண்ணெய் டின்னை அடுக்கி, கோயம்புத்தூர் போய் இறங்கும்போது அடிப்பெட்டி அப்பளமாக நசுங்கி, கடைக்காரர் அதை போட்டோ எடுத்து அனுப்பி, "இந்த லோடை திருப்பி அனுப்புறேன்" என்று சொன்ன நாளில் புத்தி வந்தது.

அப்போது வேறொருவரிடம் வாங்கிக்கொண்டிருந்தோம். எந்த ஊர், எந்தத் தெரு என்பதெல்லாம் வேண்டாம். முதல் லோடு அருமையாக இருந்தது, இரண்டாவதும் நன்றாகவே இருந்தது, மூன்றாவதிலிருந்து பெட்டியைக் கையில் எடுத்தால் ஏதோ லேசாகத் தெரிந்தது. கேட்டால், "அதே பேப்பர்தான் மேடம், வெயில்ல காஞ்சிருக்கும்". பெட்டி நசுங்கியதுகூடப் போகட்டும். பில்லில் வரி போட்டு வாங்கிக்கொண்டார், ஜிஎஸ்டி போர்ட்டலில் எங்கள் பக்கம் அது வரவே இல்லை. மூன்று பில்லுக்கு வரி மட்டும் 6 ஆயிரத்துச் சொச்சம். அவர் தாக்கல் செய்யாவிட்டால் எங்களுக்கு உள்ளீட்டு வரி கழிவு (வாங்கும்போது கொடுத்த வரியை நாங்கள் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) கிடையாது, அதே வரியை இன்னொரு தரம் நம் கையிலிருந்து கட்டவேண்டும். போன் அடித்தால் ஆடிட்டர் ஊரில் இல்லை என்பார். ஆறு மாதமாக ஊரில் இல்லாத ஆடிட்டர் அவர் ஒருவர்தான்.

2021 தொடக்கத்தில் லாரி ஆபீஸ் பையன் ஒருவன் சொல்லித்தான் இந்தப் பட்டறைக்குப் போனேன். வியாசர்பாடி தொழிற்பேட்டையை ஒட்டிய சந்து, வண்டியை முனையிலேயே நிறுத்திவிட்டு நடக்கவேண்டும். உள்ளே போனால் கோந்து வாசனை மூக்கில் ஏறும், மாவு புளித்த மாதிரி ஒரு வாசனை, பழகப் பத்து நிமிடமாவது ஆகும். ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு பேப்பர் ரீல், இன்னொரு பக்கம் பின் அடிக்கிற மிஷின் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். பேசுவதென்றால் கத்தித்தான் பேசவேண்டும்.

நான் கொண்டுபோன பழைய பெட்டியை அண்ணன் வாங்கி, ஓரத்தை லேசாகக் கிழித்துப் பார்த்தார். அந்த சப்ளையரைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "எடை போட்டுப் பாத்தியாமா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான், இந்த ரிவ்யூவில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியிலிருந்து சரியாக 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரம் ஒன்றை பிளேடால் வெட்டுங்கள். தண்ணீரில் ஊறப் போடுங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் கோந்து விட்டு மூன்று தாளும் தனித்தனியாகப் பிரியும். மேல்தாள், நடுவில் நெளித்தாள், உள்தாள். நன்றாகக் காயவைத்து ஒவ்வொன்றையும் நகை எடை போடுகிற சின்னத் தராசில் வையுங்கள் (ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது). மேல்தாளும் உள்தாளும் எத்தனை கிராம் காட்டுகிறதோ அதை நூறால் பெருக்கினால் அதுதான் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பது. 1.8 கிராம் என்றால் 180. நடுத்தாளை மட்டும் கணக்குப் போடுமுன் நீவி நீட்டி அளக்கவேண்டும், ஏனென்றால் 10 செ.மீ. துண்டில் நெளிந்து ஒளிந்திருக்கிற தாள் நீட்டினால் 14 செ.மீ.க்குக் கிட்டத்தட்ட வரும், அதனால் நூறால் பெருக்கியதை 1.4-ஆல் வகுக்கவேண்டும். ஏமாற்றுகிறவர்கள் கைவைப்பது பெரும்பாலும் அந்த நடுத்தாளில்தான் என்றார் அண்ணன், வெளியே தெரியாது பாருங்கள்.

வீட்டுக்கு வந்து செய்தேன். சமையல்கட்டு மேடையில் பழைய சப்ளையரின் முதல் லோடு பெட்டியில் ஒரு துண்டு, கடைசி லோடு பெட்டியில் ஒரு துண்டு, இரண்டு கிண்ணம் தண்ணீர். நாத்தனார் என்ன ரசம் வைக்கிறாய் என்று கேட்டுவிட்டுப் போனாள். மறுநாள் காலை எடை போட்டால், மேல்தாள் இரண்டிலும் ஒன்றுதான். நடுத்தாள் முதல் பெட்டியில் 150-க்குப் பக்கம், கடைசிப் பெட்டியில் 100-ஐக்கூடத் தொடவில்லை. வெயிலில் காய்ந்ததாம்!

தன்னுடைய சரக்கையே சோதிக்கிற வழியை வாடிக்கையாளர் கையில் கொடுக்கிறவர் ஒன்று ரொம்ப நல்லவராக இருக்கவேண்டும், அல்லது நல்ல வியாபாரியாக இருக்கவேண்டும். இவர் இரண்டாவது ரகம் என்றுதான் எனக்குப் படுகிறது, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நல்லவர்களிடம் கணக்குக் கேட்கச் சங்கடமாக இருக்கும்.

முதல் ஆர்டருக்கு முழுப் பணமும் முன்கூட்டியே கேட்டார். கொஞ்சம் கோபம்தான் வந்தது. "உனக்கு நான் புதுசு, எனக்கு நீ புதுசு. நீ பெட்டிய சோதிக்கலாம், நான் உன்ன எந்தத் தண்ணில ஊறப் போட்டுப் பாக்கறது?" என்றார். சிரித்துவிட்டுக் கொடுத்தேன், ஆனால் 500-க்குப் பதில் 200 பெட்டிதான் சொன்னேன். அவரும் முகம் சுளிக்காமல் 200 போட்டுக் கொடுத்தார். இப்போது 500-க்குக் குறைந்து எடுப்பதில்லை, அது வேறு கதை.

உண்மையான சோதனை அந்த வருஷமே வந்தது. 2021-இல் கிராஃப்ட் பேப்பர் (பெட்டி செய்கிற பழுப்புத் தாள்) விலை எகிறியது பெட்டி வாங்கிய எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பழைய பேப்பர் வரத்துக் குறைவு, கப்பல் கன்டெய்னர் தட்டுப்பாடு, போதாக்குறைக்கு சீனா கழிவுத்தாள் இறக்குமதியை நிறுத்திவிட்டு இங்கிருந்து கூழும் பேப்பருமாக வாங்க ஆரம்பித்தது. வியாசர்பாடி சந்தில் பின் அடிக்கிற மனிதருக்கு சீனா என்ன செய்கிறது என்று தெரிந்தாகவேண்டிய காலம். விலை ஏறும்போது பெட்டிக்காரர்களுக்கு இரண்டு வழி. ரேட்டை ஏற்றி வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கலாம், அல்லது ரேட்டை அப்படியே வைத்து நடுத்தாளை மெலிசாக்கலாம். இரண்டாவது வழியில் போனால் வாங்குகிறவர் சந்தோஷமாக இருப்பார், லாரி கோயம்புத்தூர் போய்ச் சேரும்வரை.

அண்ணன் ஒரு காலை ஏழரைக்கு போன் செய்தார். "பேப்பர் ஏறிக்கினே போதுமா. உன் பெட்டி 19-ல இருந்து 23.50 ஆவும். இந்த ரேட்டும் பத்து நாளைக்குத்தான், அதுக்கு மேல எனக்கே தெரில. வேணும்னா சொல்லு, அதே 19-க்கு மெலிசு போட்டுத் தரேன், ஆனா மெலிசுன்னு பில்லுல எழுதித்தான் தருவேன்." கூடவே மில்காரர் அனுப்பிய பில்லை வாட்ஸ்ஆப்பில் போட்டோ எடுத்து அனுப்பினார். ரேட், தேதி, ஜிஎஸ்எம் எல்லாம் தெரிகிறது, மில்லின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் அவருடைய கட்டைவிரல், நகத்தில் கோந்து ஒட்டியிருக்கிறது. அந்த போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. எனக்குத் தெரியவேண்டியது அத்தனையும் அதில் இருந்தது, தெரியவேண்டாதது அவர் விரலுக்கு அடியில் இருந்தது. அன்றைக்குத்தான் இவரை விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அந்த போனுக்குப் பிறகு நேரில் போய் ஒரு ஏற்பாடு பேசினோம். பேப்பருக்கு ஆகிற பணத்தை, அதாவது மொத்தத்தில் சுமார் 60 சதவீதத்தை, ஆர்டர் சொன்ன அன்றே நான் கொடுத்துவிடவேண்டும், அவர் அன்றைய ரேட்டில் ரீலை வாங்கி வைத்துவிடுவார், பிறகு பேப்பர் என்ன ஏறினாலும் அந்த லோடுக்கு ரேட் மாறாது. மீதி 40, அதாவது கூலி, கரண்ட், அவர் லாபம், இதெல்லாம் பெட்டி வந்து 30 நாளில். யோசித்துப் பார்த்தால் இதில் இரண்டு பேருக்கும் பாதி பயம் குறைகிறது. அவருக்கு ரீல் வாங்கக் கந்துவட்டிக்குப் போகவேண்டாம், எனக்கு நாளைக்கு என்ன ரேட் சொல்வாரோ என்று வயிற்றில் புளி கரையவேண்டாம். 26 ரூபாய் வரை போன விலை பிறகு இறங்க ஆரம்பித்தபோது நான் கேட்காமலே ஒரு பில்லில் 60 பைசா குறைந்திருந்தது. 500 பெட்டிக்கு 300 ரூபாய். அந்த 300 ரூபாய்க்கு அவருக்கு என்னிடம் கிடைத்தது, அடுத்த தடவை ஏற்றும்போது நான் பேரம் பேசாதது.

வரி விஷயம் சுருக்கமாக. அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிற சின்னக் கணக்கு. அப்படிப்பட்டவர்களும் விருப்பப்பட்டால் பில் விவரத்தை மாதாமாதம் 13-ஆம் தேதிக்குள் ஏற்றலாம், பலர் ஏற்றுவதில்லை. இவர் ஏற்றுகிறார், 14-ஆம் தேதி என் 2பி-யில் (எனக்கு எவ்வளவு வரி கழிவு உண்டு என்று போர்ட்டல் காட்டுகிற பட்டியல்) வந்துவிடுகிறது. ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு முறை விட்டுப்போனது, அதையும் 12-ஆம் தேதியே சொல்லிவிட்டார். புதிதாக யாரிடமாவது வாங்கப் போகிறீர்கள் என்றால் அவர் ஜிஎஸ்டி எண்ணை போர்ட்டலில் போட்டுப் பாருங்கள், பதிவு உயிரோடு இருக்கிறதா, கடைசியாக எப்போது தாக்கல் செய்தார் என்று காட்டும், காசு கிடையாது, இரண்டு நிமிடம். நான் 6 ஆயிரம் கொடுத்துக் கற்றுக்கொண்டது இது.

இனி மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் 3 ராத்திரி ஆரம்பித்த மழை மறுநாள் முழுக்க அடித்தது. கொடுங்கையூரில் எங்கள் அரவை ரூமில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, டவர் இல்லை. வியாசர்பாடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கணேசபுரம் சுரங்கப்பாதை சாதாரண மழைக்கே நிரம்பி வழியும். பொங்கல் லோடுக்காக 600 பெட்டிக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். மசாலா நனைந்ததைவிட அந்தப் பணம்தான் ராத்திரியெல்லாம் கண்ணில் நின்றது, பொய் சொல்வானேன். மூன்றாம் நாள் தெரியாத நம்பரிலிருந்து போன். அண்ணன்தான், யாரோ பக்கத்து வீட்டுக்காரர் போனிலிருந்து.

"எப்டிமா இருக்கே, புள்ளைங்க நல்லாருக்காங்களா" என்றார் முதலில். பிறகு, "உன் பெட்டி 600-ம் அடிச்சு வெச்சிருந்தேன். கீழ அடுக்கு 240 தண்ணி குடிச்சிடுச்சு. மேல 360 நல்லாருக்கு, தொட்டுப் பாத்துட்டேன். நனைஞ்சத காய வெச்சா பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா நிக்காது. பழைய பேப்பருக்குப் போட்டுடறேன். 240-ம் புதுசா அடிச்சுத் தரேன், மிஷின் காயணும், ஒரு மாசம் டைம் குடு."

காயவைத்துக் கொடுத்திருந்தால் எனக்கு உடனே தெரிந்திருக்காது. ஒருமுறை நனைந்து காய்ந்த பெட்டியில் கோந்து விட்டுப்போயிருக்கும், நெளி அமுங்கியிருக்கும், கையில் பிடித்தால் சரியாக இருக்கும், மேலே நான்கு பெட்டி ஏறினால் உட்கார்ந்துவிடும். அந்த வாரம் ஊர் முழுக்க நஷ்டம், யாரும் யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் என்ன செய்தேன் என்றால், 360-க்கான மீதிப் பணத்தை 30 நாள் பார்க்காமல் அன்றைக்கே ஜிபே செய்தேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை. அவர் மிஷின் ஓடினால்தான் என் 240 வரும். அந்த 240-ம் சொன்னபடி வரவில்லை, ஒரு மாதம் என்றது நாற்பது நாளுக்கு மேலாகி, பொங்கலையும் தாண்டியது. ஆனால் தாண்டும் என்று பத்து நாள் முன்பே சொல்லிவிட்டதால் நூறு பெட்டி மட்டும் வெளியில் எங்கோ வாங்கிச் சமாளித்தோம்.

என் பக்கத்துக் கதையையும் சொன்னால்தான் நியாயம். எங்களிடம் சரக்கு எடுக்கிற ஒரு பெரிய ஸ்டோர் 90 நாள், 100 நாள் என்று இழுத்தடிக்கும். அப்படி ஒரு மாதம் அண்ணனுக்குக் கொடுத்த செக் நிற்காது என்று தெரிந்துவிட்டது. இரண்டு நாள் கூச்சத்தில் தள்ளிப் போட்டு, கடைசியில் ஞாயிறு சாயங்காலம் போன் செய்து, "அண்ணே, திங்கள் போடாதீங்க, வியாழன் போடுங்க" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மிஷின் சத்தம் மட்டும். "சரிமா, இத வெள்ளிக்கிழமையே சொல்லிருந்தா நான் வேற ஒருத்தருக்கு வாக்கு குடுத்திருக்க மாட்டேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அதற்குப் பிறகு பணம் தள்ளிப்போகும் என்று வாசனை அடித்த உடனே சொல்லிவிடுகிறேன்.

2024 மார்ச்சில் இந்த 45 நாள் விவகாரம் வந்து எல்லோரையும் கலக்கியது நினைவிருக்கும். சிறு, குறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்கவேண்டும் என்று 2006-இல் வந்த சிறுதொழில் சட்டத்திலேயே இருக்கிறது, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. எனக்குத் தெரிந்து யாரும் கேட்டதும் இல்லை, கொடுத்ததும் இல்லை. வருமான வரியில் 43பி(எச்) என்று ஒன்றைச் சேர்த்து, கெடு தாண்டி வைத்திருக்கும் பாக்கியை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது என்றதும்தான் வாங்குகிறவர்களுக்குச் சுட்டது. அதற்குப் பயந்து சிலர் சிறுதொழில் பதிவு இல்லாத சப்ளையரைத் தேடிப் போனார்கள். நாங்கள் அரைப்பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம், நோட்டுப் பேப்பரில்தான். ஏற்கெனவே செய்துகொண்டிருந்த 60-40-ஐயும் 30 நாளையும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மூன்று வருஷம் வாயால் பேசியதை எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பக்கத்தில் நின்ற அவர் பையன்தான், "இத்தினி நாளா இதுகூட இல்லாமயா ஓட்டினீங்க" என்று எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்தான்.

சரி, குறைகள். கொஞ்சம் இல்லை.

பிரின்ட் மோசம். எங்கள் லோகோ மிளகாய்ச் சிவப்பு, பெட்டியில் வருவது செங்கல் சிவப்பு, சில லோடில் காவி. ஐந்து வருஷமாகச் சொல்கிறேன், "பிரவுன் பேப்பர்ல சிவப்பு அப்டித்தாம்மா விழும்" என்கிறார். வெள்ளை மேல்தாள் போட்டால் சரியாகும், அதற்குக் காசு அதிகம், அதை நானும் கொடுக்க மாட்டேன். மதியம் ஒன்றிலிருந்து மூன்றரை வரை போன் எடுக்க மாட்டார், உலகமே இடிந்தாலும். 25 பெட்டிக் கட்டில் எப்போதாவது 24 இருக்கும், சொன்னால் அடுத்த லோடில் சேர்த்துவிடுவார், ஆனால் எண்ணுவது நம் வேலை. டெலிவரி மீன்பாடி வண்டியில் (மூன்று சக்கரச் சரக்கு வண்டி), மேலே ஒரு தார்ப்பாய், ஓரமெல்லாம் திறந்தே கிடக்கும், மழை நாளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கவேண்டும். ஆன்லைனில் ஒன்றிரண்டு பொருள் விற்கிறவர்களுக்கு வேண்டிய சின்ன மடிப்புப் பெட்டியெல்லாம் இங்கே இல்லை, அதற்கு டை (அட்டை வெட்டுகிற அச்சு) வேண்டும், போட மாட்டேன் என்கிறார். பேச ஆரம்பித்தால் நிறுத்தவும் மாட்டார். லோடு ஏற்றும்வரை காத்திருக்கவேண்டியிருந்தால் நான் நைசாகக் கழன்று அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடப் போய்விடுவேன். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் நிறைய உள்ள பகுதி, ஒரு தட்டு அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் முடிந்து வந்தால் வண்டி தயாராக இருக்கும்.

கடைசியாக நடந்தது. பெட்டிக்கு ஜிஎஸ்டி 2021 அக்டோபரில் 12-லிருந்து 18 ஆனது, 2024 ஜூலையில் மறுபடி 12, 2025 செப்டம்பர் 22 முதல் 5. குறைந்தால் நல்லதுதானே என்று நான் குதித்தேன். அண்ணன் குதிக்கவில்லை. அவர் வாங்குகிற கிராஃப்ட் பேப்பருக்கு 18 ஆகிவிட்டது. 18 கட்டி வாங்கி 5 போட்டு விற்றால் இடையில் உள்ள பணம் அரசாங்கத்திடம் போய் உட்கார்ந்துகொள்ளும், ரீஃபண்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கவேண்டும். "ரேட்ட ஏத்தலமா, ஆனா 60-ஐ 65 ஆக்கிக்க முடியுமா, ரீஃபண்ட் ஒழுங்கா வர ஆரம்பிச்சா மறுபடி 60" என்றார். காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்கை எனக்கு எதிரிலேயே போட்டுக் காட்டினார். சரி என்றேன். வீட்டுக்கு வந்து அந்தக் கணக்கை நானும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. இந்த மாத லோடிலும் ஒரு சதுரம் வெட்டி ஊறப் போட்டிருக்கிறேன், அது அவருக்கும் தெரியும்.

ஐந்துக்கு நான்கு. குறைத்த அந்த ஒன்று சிவப்பு மைக்கு.